துண்டுக்குள் கொடுத்த வாக்கு

வேலூர் விடுதிக்கு மாமா வந்து, "கெளம்புமா, நைனா போய்ட்டாரு" என்றபோது, நான் துணிகளோடு உபாத்தியாயினிப் பயிற்சிப் புத்தகங்களையும் சேர்த்துக் கட்டினேன். இனித் திரும்பி வரப்போவதில்லை என்றே நினைத்தேன். மாமா மூட்டையைப் பார்த்தார். ஆம்பூர் வரை ரயிலில் அது என் மடியிலேயே இருந்தது.

ஆம்பூர்த் தோல் மண்டியில் என் தந்தையோடு பழகிய உங்களுக்கு, அவர் தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டு நினைவிருக்கும். தரகர் என்றால் வாயாடி என்று வெளியூரார் எண்ணுவார்கள். அவரோ விலையை வாயால் சொன்னதே இல்லை. கைமேல் துண்டைப் போட்டு, விரல்களை எண்ணிப் பிடித்துத்தான் சொல்வார். ஒருமுறை தோல் விலை இறங்கியதும் ஒரு வியாபாரி பின்வாங்கப் பார்த்தார்.

"துண்டுக்குள்ள நடந்ததை யாரு பார்த்தா, தரகரே?"

"நீயும் நானும் பார்த்தோம். அதுக்கு மேல ஆளு எதுக்கு?"

பேசிய விலைக்கே சரக்கு போயிற்று.

வீட்டிலும் அதே வழக்கம். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால், துண்டுக்கடியில் என் சுண்டுவிரலைக் கிள்ளுவார். நான் சிரித்துவிடுவேன். "அப்பனும் பொண்ணும் இன்னா பேரம் பேசுறீங்க?" என்பாள் அம்மா.

போன வருஷம் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த மாதத்தில்தான் அவருக்கு வாதம் வந்து பேச்சு நின்றது. "பத்தொன்பது வயசாச்சு, படிச்சது போதும். அவரு கண்ணால கல்யாணத்தைப் பார்க்கட்டும்" என்றார் மாமா. நைனாவைக் கேளுங்கள் என்றேன். "அவரு எப்படிச் சொல்லுவாரு?"

நான் துண்டை எடுத்து அவருடைய நல்ல கையின்மேல் விரித்து, என் கையை உள்ளே நுழைத்தேன். மெல்ல இரண்டு விரல்களைப் பிடித்தார். பயிற்சிக் காலம் இரண்டு வருஷம்.

"நீயே சொல்லிக்கிறியா?" மாமாவும் மண்டிக்காரர்தான். நம்பாமல் தம் கையை நுழைத்தார். வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தார். "ரெண்டுதான். இந்த நெலமையிலயும் பேரத்தை வுட மாட்டேன்றாரு."

காரியங்கள் முடிந்து உறவினர்கள் போனபின், மூலையில் பிரிக்காமல் கிடந்த என் மூட்டையை மாமா காலால் தட்டினார்.

"பொஸ்தகத்தை எல்லாம் எதுக்குக் கட்டிக்கினு வந்த?"

"நைனா இல்லையே, மாமா."

"நான் கீறேன்ல? பேசுனது ரெண்டு. ஒண்ணுதானே ஆயிருக்கு?"

மறுநாள் அவரே என்னை ரயிலேற்றிவிட்டார். அந்தத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. விடுதி மேசையில் அதன் அடியில் இடக்கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர் பிடித்த விரல்களில் ஒன்றை மடக்கிவிட்டேன். மற்றொன்று இன்னும் அவர் பிடியில் இருக்கிறது.