போர்வையை இழுத்த கை

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இன்றைக்கும் ரோட்டில் ஒரு வண்டி சடன் பிரேக் போட்டால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன். பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுவிடும். என் பெயர் எஸ்தர். நானும் என் வீட்டுக்காரர் தேவராஜும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறோம். சபையில் என்னை வாயாடி என்பார்கள். உண்மைதான், மறுக்கமாட்டேன். அந்த வாயே அடைத்துப்போன ஒரு மத்தியானத்தைத்தான் இங்கே சாட்சியாகச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம் புயல் எங்கள் பக்கமாகக் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் உப்பளம் எது, ஏரி எது, ரோடு எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். எங்கள் வீடு எப்படியோ தப்பியது. ஆனால் மழைக்காலத்துக்கு மூடி வைத்திருந்த உப்புக் குவியல்கள் மேல் ஒரு தார்ப்பாய்கூட இல்லை. காற்று கொண்டுபோனது பாதி. கூரை பறிபோன ஜனங்கள் உருவிக்கொண்டு போனது மீதி. உப்பெல்லாம் கரைந்துவிடுமே என்று பதறி, விழுந்து கிடந்த கீற்றையாவது அள்ளி மேலே போடலாம் என்று என் வீட்டுக்காரர் போனார். கீற்றுக்கு அடியில் விரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. கணுக்காலில் கடித்துவிட்டது.

"எஸ்தரு" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். அதற்குள் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் இடுப்பளவு தண்ணீர். பாண்டிச்சேரிக்குப் போனால்தான் ஆள் பிழைப்பார் என்று எனக்குத் தெரிந்துபோனது. அந்த ரோடு மேடு, அதில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் எதில் போவது?

என் கொழுந்தனார் டேனியல் உப்பு மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அன்று காலையில்தான் பாண்டியிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய அரிசியையும் பாயையும் எங்கள் பக்கம் இறக்கிவிட்டு வந்திருந்தார். வண்டியின் முன்னால் 'புயல் நிவாரணப் பொருட்கள்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தது.

"இத கழட்டிடட்டுமா அண்ணி?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்பா. இருந்தா போலீஸ் நிறுத்தாம உட்டுடுவாங்க" என்று நான்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரரைப் பின்னால் படுக்க வைத்தோம். கடிபட்ட காலை அசையாமல் பலகையோடு சேர்த்துச் சுற்றினோம். வீட்டில் நனையாமல் இருந்த ஒரே போர்வை, எங்கள் கல்யாணத்துக்கு வந்த ரோஜாப்பூ போட்ட போர்வை. அதைப் போர்த்திவிட்டேன். மழை விடவில்லை. அதனால் மேலே தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் கயிறு கட்டினார் டேனியல். நான் உள்ளே உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரே இருட்டு. பழைய உப்பு முழங்காலில் குத்தியது. "கர்த்தாவே, பாண்டி வரைக்கும் வழியைத் திறந்து கொடுங்க" என்று ஜெபித்தேன். வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனோம். அவருக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. என் புடவையில் துடைத்தேன். அப்போதுதான் டேனியல் சடன் பிரேக் போட்டார்.

எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் பெயர் கெட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தென்னை மரத்தைக் குறுக்கே உருட்டிப் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். உள்ளே இருந்த எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். முதலில் விசில். அப்புறம் ஓடிவருகிற கால்கள். அப்புறம் வண்டியின் நாலு பக்கமும் படபடவென்று அடி.

"எங்க ஊரத் தாண்டி எவனுக்குடா எடுத்துனு போற?"

"தொற, பின்னாடி தொற!"

"அரிசி இல்லண்ணே, எங்க அண்ணன் இருக்காரு, பாம்பு கடிச்சிடுச்சு" என்று டேனியல் கத்தியது கேட்டது. யாரும் நம்பவில்லை. இப்படிப் பொய் சொல்லிவிட்டு ஏற்கெனவே ஒரு வண்டி போயிருக்கிறதாம். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு டேனியல் குரலே இல்லை. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நானும் கத்தினேன். ஆள் இருக்கோம், ஆள் இருக்கோம் என்று கத்தினேன். மழையிலும் கூச்சலிலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. யாரோ மேலே ஏறினார்கள். தார்ப்பாய்க்கு மேலிருந்து ஒரு கால் என் தோளை மிதித்தது. அவர் முகத்தை மிதித்துவிடுவார்களோ என்று குனிந்து மூடிக்கொண்டேன். கயிறு அறுபடுகிற சத்தம். சகோதரிகளே, அந்தப் பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அவர்களும் என்னைப்போல ராத்திரியெல்லாம் நனைந்தவர்கள்தான், என்னைப்போலப் பசித்தவர்கள்தான். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பேய்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒரு ஜெபம் பண்ணினேன். மறைக்காமல் சொல்கிறேன். "கர்த்தாவே, இவங்க கையெல்லாம் விளங்காம போகட்டும்" என்று ஜெபித்தேன். முழு மனதோடு ஜெபித்தேன்.

சொல்லி முடிக்கவில்லை, தார்ப்பாயின் ஓரமாக ஒரு கை உள்ளே வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அது துழாவியது. போர்வை தட்டுப்பட்டது. ஒரே இழுப்பில் போர்வை போய்விட்டது. மறுபடியும் அந்தக் கை வந்தது. இந்தத் தடவை அவருடைய வீங்கிய காலைப் பிடித்தது. அரிசி மூட்டை என்று நினைத்து இழுத்தது. அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய்ந்து அந்தக் கையைக் கடித்தேன்.

வெளியே ஒரு பெண் அலறினாள். அடுத்த நிமிடம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தலை உள்ளே வந்தது. பச்சைப் புடவை, ஈரத் தலைமுடி, என் வயதுதான் இருக்கும். எங்கள் போர்வை அவள் தோளில் இருந்தது. என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் அவர் காலைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ... விரியனா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துப் போட்ட சத்தத்துக்கு முன்னால் என் வாயெல்லாம் ஒன்றுமே இல்லை. "டேய், கைய எடுங்கடா! அரிசி இல்லடா, உள்ள உசுருடா! பாம்பு கடிச்ச ஆளுடா!" அப்போதும் ஒருத்தர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகில் பலமாக ஒன்று வைத்தாள். கூச்சல் மெதுவாக அடங்கியது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்தேன். விளங்காமல் போகட்டும் என்று நான் சொன்ன கைகள் எல்லாம் சேர்ந்து அந்தத் தென்னை மரத்தைத் தூக்கின. "ஏம்பா, அந்தப் பக்கம் புடி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு தூக்கின. கர்த்தர் என் முதல் ஜெபத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டார். கேட்டதைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம். அன்று நான் இரண்டாவதாகக் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால் நான் விதவையாகியிருப்பேன்.

டேனியல் உயிரோடு இருந்தார். கண்ணாடித் துண்டு பட்டு நெற்றியில் ரத்தம், அவ்வளவுதான். பயத்தில் பேச்சே வரவில்லையாம்.

"மொதல்ல இந்த பேனர கழட்டுப்பா. இது இருந்தா பாண்டி போய் சேரமாட்ட" என்று அவளே பேனரை அறுத்து எறிந்தாள். ஒருவர் அதையும் சுருட்டிக்கொண்டு போனார், கூரைக்கு ஆகுமென்று. அவள் டேனியல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியில் இன்னும் இரண்டு இடத்தில் கூட்டம் நின்றது. உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "வழி உடுங்க, உள்ள உசுருங்க!" என்று கத்திக்கொண்டே வந்தாள். கூட்டம் விலகியது. கோட்டக்குப்பத்தில் பாய் வீட்டுப் பையன்கள் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் நாங்கள் போக வழி ஒதுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸம்மா அவள் கையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போய், "உங்களையும் பாம்பு கடிச்சிச்சாம்மா?" என்று கேட்டார்.

"என்ன இந்த அக்கா கடிச்சாங்க" என்றாள்.

அந்த இடத்தில், அந்த நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே நான் அழுதுவிட்டேன். அவள் பெயர் அஞ்சலை என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கையில் கட்டுப் போட்ட பிறகு, கிளம்பும்போது தயங்கி நின்றாள்.

"அக்கா, இந்தப் போர்வைய நான் எடுத்துக்கட்டுமா? வூட்ல எல்லாம் நனஞ்சிடுச்சு. புள்ளைங்களுக்குப் போத்த ஒண்ணுமே இல்ல."

எப்போதோ எடுத்துவிட்டதை அப்போது கேட்டாள். "எடுத்துக்கோம்மா" என்றேன்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். பல நாள் படுக்கையில் கிடந்து, கால் சற்று இழுத்துக்கொண்டு வீடு வந்தார். போன மாதம் மறுபடியும் உப்பளத்தில் கால் வைத்தார். முன்னெல்லாம் ஜெபத்தில் என் வீட்டாருக்காக மட்டும்தான் கேட்பேன். இப்போது அந்தச் சாலை ஓரத்தில் நின்றவர்களுக்காகவும் கேட்கிறேன். பயம் இன்னும் முழுவதும் போகவில்லை. பயத்தோடுதான் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, இதைப் படிக்கிற உங்களில் யாராவது இருட்டில் மாட்டிக்கொண்டிருந்தால், தைரியமாகக் கேளுங்கள். குரல் வராவிட்டாலும் கேளுங்கள். அவருக்குக் கேட்கும். யார் கையால் உதவி வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரிக்குக் காலைக் காட்டப் பஸ்ஸில் போனோம். அந்த ஊரைத் தாண்டும்போது ஒரு வீட்டு வாசலில், கொடியில், ரோஜாப்பூ போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அவர் என் தோளைத் தட்டினார்.

"எஸ்தரு, அது நம்ம போர்வைதானே?"

"இல்லீங்க. அது அஞ்சலையோடது" என்றேன்.