சைமா காங்காஸ் வாங்கிய டிராக்டர்

செய்தி வந்தபோது அக்டோபர் காலை ஆறரை. சைமா காங்காஸ் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்து ஊர்ஹோ மாட்டிலாவின் மருமகள் போனில், "மாமா ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். சைமா "சரிம்மா" என்றாள். ஏதாவது சமைத்து எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு, வீடு நிறைய ஆள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மிச்சச் சாம்பலையும் அள்ளி முடித்தாள்.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி கொடுத்தபோது அவள் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ஹோவின் பிள்ளைகளுக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள். சைமாவுக்குக் கைகொடுக்க யாருக்கும் காரணம் இல்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான்.

மிச்சிகனின் வட முனையில், பெரிய ஏரியிலிருந்து எழும் மேகமெல்லாம் வந்து கொட்டுகிற மேட்டில் இருக்கிறது அவள் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் வைக்கோல் நிலம், ஒரு கொட்டகை, சாலையிலிருந்து வீடு வரைக்கும் நீண்டு வளைந்து வரும் ஒரு மண் பாதை. குளிர்காலத்தில் அந்தப் பாதை அடைத்துக்கொண்டால் அவள் தீவில் இருப்பது மாதிரிதான். எரிவாயு வண்டியும் வராது, ஆம்புலன்ஸும் வராது.

கணவன் வெஸ் இறந்த வருஷம், முதல் பனி விழுந்த காலையில் டிராக்டர் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தாள். ஊர்ஹோ டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டிப் பாதையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய டிராக்டரில் பனியை வாரி வீசும் கருவி பின்பக்கம் இருந்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். அன்றைக்கு யாரும் அவரை வரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலத்திலும் யாரும் வரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இதற்கு நன்றி சொல்ல மாட்டார்கள். சொன்னால் கணக்குத் தீர்க்கிற மாதிரி ஆகிவிடும். சைமா ஏலக்காய் ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி அவர் வீட்டுத் தபால் பெட்டியில் வைப்பாள். துணி துவைத்து மடித்து அவள் பெட்டிக்குத் திரும்பி வரும். சந்தித்தால் மான் வேட்டையைப் பற்றிப் பேசுவார்கள். பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒவ்வொரு பனிக்காலையிலும் அவள் ஜன்னலில் நின்று கையைத் தூக்குவாள். வீட்டு வளைவுக்கு வந்ததும் ஊர்ஹோவும் ஒரு கையைத் தூக்குவார். சில வாரங்களில் அவளுக்கு மனிதத் தொடர்பு என்று இருந்தது அது ஒன்றுதான்.

சின்ன டிராக்டர் ஒன்று வாங்க அவளால் எப்போதோ முடிந்திருக்கும். கடை விளம்பரத் தாள்களைக்கூட வாங்கி வைத்திருந்தாள். வாங்கவில்லை. தன் கொட்டகையில் ஒரு டிராக்டர் நிற்பது சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும். "இனி நீங்க வர வேண்டாம்" என்று ஊர்ஹோவின் முகத்துக்கு நேராகச் சொன்னதாகவே அர்த்தமாகும்.

அடக்கம் முடிந்த வாரமே கிரீன் பே நகரத்திலிருந்து மகள் ஜானெல் கூப்பிட்டாள். கீழ் அறையைக் காலி செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். சைமா பிடி கொடுக்கவில்லை. பேச்சு முற்றி, கடைசியில் மகள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"முதல் பெரிய பனி விழட்டும்மா. ரோடு வரைக்கும் நீயே வழி திறந்துட்டேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன். சரியா?"

"நீ வந்தா மட்டும் எப்படி உள்ள வருவ? வழிதான் இருக்காதே" என்றாள் சைமா.

"சிரிக்காதம்மா. நான் நெசமாத்தான் சொல்றேன்."

டிராக்டர் கடையில் ரோலண்ட் பெல்லோ இருந்தான். ஐம்பதை நெருங்குகிறவன், பள்ளியில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"வாங்க மிஸஸ் காங்காஸ். வெள்ளிக்கிழமை மீனை நான் இன்னும் மன்னிக்கல, ஆனா உங்களுக்குத் தள்ளுபடி உண்டு."

"ரெண்டாவது தடவை வாங்கித் தின்னது யாருடா?"

அவன் வரிசையாகக் காட்டினான். மிகச் சின்னது ஏறி இறங்க வசதி, ஆனால் ஏரிப் பனியில் வயிறு தட்டி நின்றுவிடும் என்றான். பெரியதற்கு அவளுடைய கொட்டகைக் கதவு போதாது. நடுவில் ஒன்று சரியாக இருந்தது: கிளட்சும் கியரும் இல்லை, ஒரு பெடலை மிதித்தால் முன்னால் போகும், இன்னொன்றை மிதித்தால் பின்னால். மிச்சம் ஒரே கேள்விதான். பனி வீசும் கருவி பின்பக்கமா, முன்பக்கமா?

பின்பக்கம் என்றால் விலை குறைவு, பலம் அதிகம். இந்த ஊரில் பாதிப்பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றான். அப்படி மாட்டிய ஒன்று வாசலிலேயே நின்றது. சைமா அதைத்தான் கேட்க வந்திருந்தாள். ஊர்ஹோ வைத்திருந்தது அதுதான்.

ஏறி உட்கார்ந்தாள். கழுத்தைத் திருப்பினாள், பாதி தூரத்திலேயே பிடித்துக்கொண்டது. இடுப்பையும் சேர்த்துத் திருப்பினாள். கருவியின் மேல் விளிம்பு தெரிந்தது, பனி வெளியேறும் குழாய் தெரிந்தது, தரையில் ஒரு முழ அகலம் தெரிந்தது. அதற்கு மேலே, ஒரு ஜன்னல் உயரத்துக்கு, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பார்த்தால் சக்கரம் எங்கே போகிறதென்று தெரியாது.

"வளைவு வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"இதோ, இந்தக் கம்பி" என்று தோள் உயரத்தில் இருந்த ஒரு நெம்புகோலைத் தொட்டுக் காட்டினான் ரோலண்ட். "கையத் தூக்கி இதைத் திருப்பணும், குழாய் அந்தப் பக்கம் திரும்பும். இல்லேன்னா பனியெல்லாம் வீட்டு மேலயே கொட்டும்."

அவள் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். வீட்டு வளைவில் ஊர்ஹோ தூக்கிய கையும் இதே உயரம்தான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"மிஸஸ் காங்காஸ்? கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

"ஆமா" என்றாள்.

அவன் கைகொடுத்து இறக்கிவிட்டான். முன்பக்கக் கருவியின் விலையைச் சொல்லவே தயங்கினான். அவள் பேரம் பேசவில்லை. முன்பக்கம் மாட்டியதையே கொடு என்றாள். நேராகப் பார்த்து ஓட்டலாம், வீடு, வாசல், ஜன்னல் எல்லாம் தெரியும் என்று ரோலண்ட் உற்சாகப்படுத்தினான். தெரிந்து என்ன செய்ய, அங்கே நிற்க ஆள் இல்லையே என்று அவள் சொல்லவில்லை. எப்போது கொண்டுவந்து இறக்குவாய் என்று மட்டும் கேட்டாள்.

நவம்பரில் ஒரு நாள் ராத்திரியெல்லாம் பனி விழுந்து காலையில் முழங்காலுக்கு மேல் நின்றது. ஜானெல் ஏழு மணிக்கே கூப்பிட்டுவிட்டாள். போனை மேசையிலேயே வைத்துவிட்டு சைமா கொட்டகைக்குப் போனாள். முதல் முறை கருவியை மிகத் தாழ்த்திச் சரளைக்கல்லை வாரி வீசினாள். பிறகு கை பழகியது. வீட்டு வளைவில் கம்பியைத் திருப்ப ஒரு கையைத் தூக்கினாள். ஜன்னலில் விளக்கு எரிந்தது, உள்ளே யாரும் இல்லை.

வளைவு தாண்டியதும் பாதையும் பள்ளமும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. வலது ஓரத்தில் ஆரஞ்சு வண்ணம் அடித்த குச்சிகள் சாலை வரைக்கும் நின்றன. ஓரம் காட்டுவதற்காக மண் இறுகும் முன்பே அடித்துவைக்கிற குச்சிகள். அவள் அடித்தவை அல்ல. யார் அடித்தது என்பதை வருஷா வருஷம் அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

வலது ஓரத்தை ஒட்டியே போனாள். ஒரு வண்டி வரக்கூடிய அகலத்துக்கு, சாலை வரைக்கும், வழி திறந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "சரி, அங்கேயே இரு" என்றாள் ஜானெல்.

இடது ஓரத்தில் ஊர்ஹோ அடித்திருந்தது நாலு குச்சிகள்தான். மிச்சக் கட்டு நாலாவது குச்சிக்குப் பக்கத்தில், பனிக்கு அடியில், அவிழ்க்காமல் கிடந்தது. மண் அதற்குள் இறுகிவிட்டிருந்தது.