ஜன்னல் கம்பியில் ஒரு குடைப்பிடி

நேற்று கூடலூர் கடைவீதியில் எனக்கு ஒரு சின்ன மானக்கேடு. மளிகைக் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் பணம் எடுப்பதற்காகக் குடையைக் கல்லா மேசையின் விளிம்பில் மாட்டினேன். மாட்டியதாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அது நேரே கீழே விழுந்து, பக்கத்தில் நின்ற அம்மாளின் பாதத்தில் தண்ணீரைக் கொட்டியது. என் அண்ணன் மகள் வாங்கிக் கொடுத்த மூன்று மடிப்புக் குடை அது. அதற்கு வளைந்த பிடி கிடையாது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குமிழ்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகும் எங்கே விளிம்பைக் கண்டாலும் குடையை மாட்டப் பார்க்கிறது.

"சாரமில்ல சேச்சி, கவர்ல போட்டுத் தாரேன்" என்று மலையாளக் கடைக்காரர், பரவாயில்லை என்கிற தோரணையில், ஈரக் குடையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். ரப்பர் செருப்புக் கடை வாசம். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஈரக் குடைக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பருத்தித் துணியும் அடுப்புப் புகையும் லேசாகப் பூஞ்சையும் சேர்ந்த வாசனை. அந்த வாசனை வந்தால் யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அப்படித்தான் பழகியிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, பந்தலூருக்கு உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு வேலை கிடைத்தது. நான் அவிநாசிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். மழை என்றால் ஐப்பசியில் தலையைக் காட்டிவிட்டுப் போவது என்று நினைத்திருந்தேன். பந்தலூர் மழை அப்படியில்லை. வைகாசி கடைசியில் வந்து உட்கார்ந்தால், செருப்பில் பாசி பிடித்து, தலையணை உறையில் கறுப்புப் புள்ளி விழுந்து, உப்பு ஜாடி தண்ணீர் ஜாடியான பிறகும் எழுந்திருக்க மனம் வராது அதற்கு. காலில் ஏறும் அட்டைக்குச் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் அட்டை, பாசியெல்லாம் பழகிவிட்டது. சாயங்காலம்தான் பழகவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னாலேயே எனக்கு ஒற்றை அறையும் சமையல்கட்டும். டாக்டர் வாரம் ஒருமுறை ஜீப்பில் வந்து போவார். விளக்கு வைத்த பிறகு தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. சில நாள் என் குரலைக் கேட்பதற்காகவே மருந்துப் பெயர்களை வாய்விட்டுப் படிப்பேன்.

அந்தத் தோட்டத்தில் யாரும் ஈரக் குடையை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வெளியே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். குடையெல்லாம் பந்தலூர் பஜாரில் வாங்கியவை. ஒரே கறுப்பு, ஒரே மரப்பிடி. அடையாளத்துக்காகப் பிடியில் ஆளாளுக்கு ஏதாவது செய்துவைத்திருப்பார்கள். ஒருவர் சிவப்பு நூல் சுற்றியிருப்பார், ஒருவர் செம்புக் கம்பி. இன்னொருவர் சூட்டுக்கோலால் புள்ளி வைத்திருப்பார். பழைய ரப்பர் வளையலை மாட்டிவைத்தவர்களும் உண்டு. அதனால் வழியில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்தே யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று படித்துவிடுவார்கள். படித்துவிட்டுச் சும்மாவும் போக மாட்டார்கள். "என்னா, சம்பந்தியம்மா வந்திருக்காப்ல இருக்கு!" என்று ரோட்டிலிருந்தே ஒரு குரல் கொடுப்பார்கள். என் ஜன்னலில் என் குடை மட்டும் தொங்கும். நர்சம்மா வீட்டில் இருக்கிறாள், வேறு யாரும் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு தொங்கும்.

முதல் குடைப்பிடி எனக்கு ஒரு காற்று மழை நாளில் கிடைத்தது. ஊசி போட்டுக்கொள்ள வந்த பெரியவரின் குடை டிஸ்பென்சரிப் படியிலேயே மேல்நோக்கிப் புரண்டு, கம்பியெல்லாம் ஒடிந்துபோயிற்று. துணியை அவர் விறகு மூடுவதற்கு உரித்துக்கொண்டார். பிடியை, "அடுப்புக்காவது ஆகும், வச்சுக்கங்க" என்று விட்டுவிட்டுப் போனார். அடுப்பில் வைக்கத்தான் எடுத்தேன். கையில் பிடித்ததும் வைக்க மனம் வரவில்லை. வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

துணி காயப்போடும் கயிற்றில் அதை மாட்டினேன். ஒன்று தொங்கினால் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்று தோன்றும் இல்லையா, சேர்க்கிற புத்தி அப்படித்தான் ஆரம்பிக்கிறது. மழைக்காலத்தில் குடைகளுக்கு ஆயுசு குறைவு. தேயிலைச் செடிக்கு அடியில், ஓடைக்கரையில், குப்பைக்குழி ஓரத்தில் என்று கண் தானாகப் போகும். கிடைத்ததைக் கழுவித் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். மரத்தின் நிறம் மெதுவாக மேலே வரும். ஒன்று வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும், ஒன்று காப்பிக்கொட்டை நிறத்தில். மூங்கிலைச் சுட்டு வளைத்தது, பிரம்பில் செய்தது, துரை பங்களாவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த, வெள்ளி வளையம் போட்ட ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, இடம் மாற்றி மாட்டுவேன். எதற்கு மாற்றினேன் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் நான் தனியாக இருப்பது எனக்கு மறந்துபோகும். அவ்வளவுதான் என் லாபம்.

ஒருமுறை அம்மா ஊரிலிருந்து வந்தாள். கயிற்றை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஏங்கண்ணு, இதென்ன ஊடா, கம்புக் கடையா? பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல பட்டா என்னன்னு நெனப்பாங்க?" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணிலும் பட்டது. மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்தபடி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அமையவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் அமையவில்லை. அதற்கெல்லாம் குடைப்பிடிதான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். நான் மறுத்துப் பேசவில்லை. பாவம், அவளுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

தெய்வானையை எனக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்தப் பைத்தியம்தான். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தத் தோட்டத்தில் நிறைய. அவர்களில் ஒருத்தி, கீழ் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். கொழுந்து பறிக்கிற வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டினாள். கையில் ஒரு உடைந்த குடை.

"மிஸ்ஸி, நீங்க கம்பு சேக்குறீங்களாமே? இது எங்க லயத்துல கெடந்துச்சு. எடுத்தாந்தேன்."

மிஸ்ஸி என்றால் அவர்கள் பேச்சில் நர்ஸ். நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது தானே" என்று அவளே டப்பாவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். என் வீட்டில் யாரும் அப்படி உரிமையாக டப்பா திறந்ததில்லை. சக்கரை டப்பாவுக்காக யாராவது கண் கலங்குவார்களா என்று கேட்டால், நான் கலங்கினேன்.

அதன் பிறகு அடிக்கடி வந்தாள். வரும்போதெல்லாம் ஒரு பிடி கொண்டுவருவாள். சிலது உடைந்த குடையில் எடுத்ததாகவே தெரியாது. யாரிடமாவது கெஞ்சிக் கழற்றி வாங்கியிருப்பாள். வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும் அவளுக்கு. எனக்கும் அவள் வர வேண்டும். இருவரும் கம்பைப் பற்றியே பேசுவது போல் வேறு எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருப்போம். வெளியே ஜன்னலில் என் குடைக்குப் பக்கத்தில் அவள் குடை தொங்கும். வழியில் போகிறவர்கள், "தெய்வான, மிஸ்ஸி வீட்லயா இருக்க?" என்று கூவுவார்கள். அந்தக் கூவலைக் கேட்பதற்காகவே நான் ஜன்னலைச் சாத்தாமல் வைத்திருப்பேன், சாரல் அடித்தாலும்.

அவள் குடைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். நல்ல பிடி, அடர்ந்த சிவப்பு மரம், சிலோனில் வாங்கியது. என் கண் அதன் மேலேயே இருந்தது. ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"இது மட்டும் ஏலாது மிஸ்ஸி. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. எனக்கு இந்தியாவுக்குக் காயிதம் வந்துருச்சு, அவ புருஷனுக்கு வரல. அவ அங்கயே நின்னுட்டா. ரயிலடியில வச்சு அம்மாவோட பழைய சீலையக் கிழிச்சு ரெண்டு பேர் குடையிலயும் சுத்துனோம். ரெண்டு குடையும் ஒரே ஜன்னல்ல தொங்குற அன்னைக்கு அவுப்போம்னு பேச்சு. அதுக்கப்புறம் ஒங்களுக்குத்தான். வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

அன்றைக்கு நானும் அவளோடு சேர்ந்து, தங்கச்சி சீக்கிரம் வரட்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். மனதாரத்தான் கும்பிட்டேன். ஆனால் கும்பிட்டு முடித்ததும், அவள் வந்துவிட்டால் இவள் என் வீட்டுக்கு எதற்கு வருவாள் என்ற எண்ணமும் வந்தது. சாமிக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

சில மழைக்காலங்கள் போயின. ஓர் ஆடி மாதச் சாயங்காலம், மேல் லயத்தில் பிரசவம் பார்த்துவிட்டுக் கீழ் லயம் வழியாக இறங்கினேன். தெய்வானையின் ஜன்னல் தெரிந்தது. கம்பியில் இரண்டு குடைகள். இரண்டு பிடியிலும் மஞ்சள் துணி. உள்ளே குழந்தை அழுகிற சத்தம், ஓர் ஆண் குரல், எல்லாவற்றுக்கும் மேலே தெய்வானையின் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். கதவைத் தட்டியிருக்கலாம், என் குடையையும் மூன்றாவதாக மாட்டியிருக்கலாம். கம்பியில் இடமிருந்தது. எனக்குத்தான் கை வரவில்லை. வீட்டுக்குப் போய் என் குடையை என் ஜன்னலில் மாட்டினேன்.

தங்கையின் புருஷனுக்கு நாகர்கோவில் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை போட்டிருந்தார்கள். அங்கே போவதற்கு முன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகத்தான் மலை ஏறி வந்திருந்தார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் தெய்வானை நனைந்துகொண்டே வந்தாள். கையில் குடை இல்லை, பிடி மட்டும்.

"எங்க குடை?"

"துணி கிழிஞ்சுபோச்சு மிஸ்ஸி. போகட்டும். இனி ரெண்டு பேருக்கும் ஒரு குடை போதும் தானே" என்றாள். மஞ்சள் துணியின் முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அவுக்காதீங்க தெய்வானையக்கா. அப்படியே குடுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முடிச்சை விட்டாள். "சரி, இருக்கட்டும். ஒரு நாளைக்கு நான் வாரேன் தானே. எங்குடைய ஒங்க ஜன்னல்ல மாட்டிட்டு, ரெண்டு பேருமா அவுப்போம்" என்றாள். சீனியைத் தூக்கலாகப் போட்டு ஒரு தேத்தண்ணி குடித்தாள். போகும்போது என் குடையைக் கொடுத்தேன், வேண்டாம் என்று நனைந்துகொண்டே இறங்கிப் போனாள்.

நான் ஆசைப்பட்ட பிடி என் கயிற்றில் நடுவில் தொங்கியது. அதற்குப் பிறகு நான் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. குப்பைக்குழியில் கண்ணில் பட்டாலும் கை குனியவில்லை.

மற்றவையெல்லாம் எப்படிப் போயின என்று கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. தேவர்சோலைக்கு மாற்றலானபோது பாதியைப் பிள்ளைகள் பந்தடிக்க எடுத்துக்கொண்டார்கள். மீதியை மர அலமாரியில் வைத்தேன், கரையான் முந்திக்கொண்டது. வெள்ளி வளையத்தை யாரோ கழற்றிக்கொண்டார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். கீழ் லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல்களில் ஒரு குடையும் இல்லை. மழைக்கோட்டுப் போட்டு மோட்டார் பைக்கில் வருகிறார்கள், குடை இருந்தாலும் மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். எந்த வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தெய்வானை வரவில்லை. கோபமில்லை எனக்கு. அங்கே தங்கை பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று நிறைந்திருக்கும். நிறைந்த வீட்டிலிருந்து யார் மலை ஏறி வருவார்கள்? இருக்கிறாளோ இல்லையோ, அதுவும் தெரியாது.

நேற்று அந்த மடிப்புக் குடையைக் குளியலறையில் காயவைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து பிடியை எடுத்தேன். மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. எண்ணெய் தடவித் துடைத்தேன். மழை பிடித்தால் நான் எப்போதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. அந்தப் பிடியைக் கொண்டுபோய் வாசல் ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். ரோட்டிலிருந்து பார்த்தால் முழுக் குடையா வெறும் பிடியா என்று தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவேன், ஒன்றில் சீனி தூக்கலாக.

நேற்றும் மாட்டினேன். ரோட்டில் எத்தனையோ பேர் போனார்கள். யார் வந்திருக்காங்க என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது.