கதவு வாங்கிய கண்ணால் துடுப்பு வாங்கினேன்

முந்தின சனிக்கிழமை என் மகள் வேறொரு பிள்ளையின் கிரிக்கெட் துடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு ஆடப் போனாள்.

நான் வாங்கிக் கொடுத்த புத்தம்புதுத் துடுப்பு மைதானத்து வேப்பமரத்தின் கீழ், உறையின் ஸிப்பைக் கூடத் திறக்காமல் படுத்திருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு மாதத்துக்கு முன்பு இதே பக்கத்தில் அந்தத் துடுப்பைப் பற்றி நான் அடித்த தம்பட்டம் சிலருக்காவது நினைவிருக்கும். இரண்டு வாசகர்கள், "எங்கடை பிள்ளைக்கும் ஒண்டு வேண்ட வேணும், எப்பிடிப் பார்த்து எடுத்தனீங்கள்?" என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். நல்ல காலம், சோம்பலில் பதில் போடாமல் விட்டேன். இப்போது போடுகிறேன் — நான் எடுத்த மாதிரி மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மகள் பெயர் சாருகா. வயது பதின்மூன்று. இப்போதுதான் ஐந்தடியை எட்டிப் பிடிக்கிறாள். பாடசாலையில் பெண் பிள்ளைகளின் கடினப்பந்து அணியில் முதலாவதாக இறங்கி ஆடுகிறவள். வீட்டில் அதிகம் வாய் திறக்காதவள். எதைக் கேட்டாலும் "ஓம் அப்பா". இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதலாம்.

பாடசாலையின் பொதுத் துடுப்பில் ஆடிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்து ஆச்சரியப்படுத்த நினைத்தேன். ஆச்சரியம் என்றால் ஆளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதல்லவா? உரும்பிராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். மெலிந்த மனிதர். முதல் கேள்வியே சரியான கேள்வி.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ அண்ணை?"

"இல்லை தம்பி. எனக்கு மரம் தெரியும்."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு வீடு கட்டினேன். கதவு ஜன்னலுக்கு மரம் எடுக்க அச்சுவேலியில் ஒரு மரக்காலைக்கு எத்தனை நாள் அலைந்தேன் என்பது எனக்கும் என் தச்சருக்கும்தான் தெரியும். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். முதிரை என்றால் முதிரை — ஒரு கதவைத் தூக்கி நிறுத்த நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு மரத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. பாரமாக இருந்தால் நல்ல மரம். நாள் கிடக்கும். முடிந்தது கதை.

கடைக்காரர் ஆறாம் சைஸ் துடுப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். பதின்மூன்று வயதுக்கு, ஐந்தடி உயரத்துக்கு அதுதான் அளவு என்றார். கையில் வாங்கினேன். பஞ்சு மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

"வளர்ற பிள்ளை தம்பி. பெரிசாக் காட்டுங்கோ."

எங்கள் வீட்டில் எதைத்தான் அளவுக்கு வாங்கியிருக்கிறோம்? சப்பாத்து என்றால் ஒரு சைஸ் கூட. முன்னுக்குப் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை என்றால் அடியில் நான்கு விரலுக்கு மடிப்பு. வருடத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்க்கலாம். அப்படியிருக்க, துடுப்பை மட்டும் ஏன் இந்த வருடத்துக்கு என்று வாங்க வேண்டும்?

கடைசியில், வளர்ந்த ஆண்கள் ஆடுகிற முழு சைஸில் ஒன்றைப் பிடித்தேன். வெண்ணிற முகம். ஒரு மறு இல்லை. எண்ணிப் பார்த்தேன், மரத்தின் நார்க்கோடுகள் ஒன்பது நேர் நேராக ஓடின. பின்பக்கம் நல்ல தடிப்பு. இரண்டே முக்கால் றாத்தலுக்குக் குறையாது.

"அண்ணை, உது பிள்ளைக்குப் பாரம். கைபிடியிலை மேலை வைக்கிற கையாலை மட்டும் பிடிச்சு நேரா நீட்டிக்கொண்டு நிக்க வேணும், கை நடுங்கக் கூடாது. ஒருக்கா ஆளைக் கூட்டியந்து பாருங்கோ."

"பழகினால் சரி வரும்" என்றேன். கதவுக்கு நான்கு ஆள் பிடித்தவனிடமா கதை?

கடையின் பின்பக்கம் ஒரு பந்தைக் காலுறைக்குள் போட்டு முகட்டிலிருந்து கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றிக் காட்டினேன். சாருகா இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிடிச்சிருக்கோ பிள்ளை?"

"ஓம் அப்பா. நல்ல வடிவா இருக்கு."

வடிவாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆடலாம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது.

புதுத் துடுப்பை வாங்கிய கையோடு ஆடக் கூடாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அன்று கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். வில்லோ மரம் மெத்தென்றது. நேரே கொண்டுபோய்க் கடினப்பந்தை அடித்தால் முகம் வெடித்துவிடும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, ஒரு மரச் சுத்தியலால் முகத்தையும் விளிம்பையும் மணிக்கணக்காகத் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாக. தட்டத் தட்ட நார் இறுகும்.

பத்து நாள். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் வாசற்படியில் குந்திவிடுவேன். டொக்… டொக்… டொக். பக்கத்தில் பாய் விரித்துச் சாருகா வீட்டுப்பாடம் செய்வாள். நான் நிறுத்தினால் நிமிர்ந்து பார்ப்பாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ரீச்சர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, இன்னொரு வீடு கட்டுறியளோ? அறிவிச்சால் நாங்கள் கொஞ்ச நாளுக்கு மகள் வீட்டை போயிடுவமெல்லே!"

அந்தப் பத்து மாலைகளும் எனக்கு நல்ல சந்தோசம். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே.

அதற்குப் பிறகு நடந்தவை அவ்வளவு சந்தோசமில்லை. முதல் போட்டியில் மூன்று ஓட்டம். அடுத்ததில் முட்டை. அடுத்ததில் இரண்டு. பயிற்சி கொடுக்கிற மிஸ் அவளை முதல் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறக்கினார். வரும் சனிக்கிழமையும் சரிவராவிட்டால் கொஞ்ச நாள் வெளியில் இருந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். சாருகா அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? அறிவுரை சொன்னேன். தலையைத் தூக்காதே. காலை முன்னுக்கு வை. பந்தைக் கடைசி வரைக்கும் பார். பால் குடி. உலகத்தில் உள்ள எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தேன். துடுப்பில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? அது நான் எடுத்ததாயிற்றே.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

நான் வருவதாக அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏழாவதாக இறங்கினாள். கையிலிருந்தது அவளுடைய சிநேகிதி தர்சிகாவின் துடுப்பு. அடியில் பிளாஸ்டர் சுற்றி, முகமெல்லாம் பந்து பட்ட சிவப்புத் தழும்பு. எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் தட்டினேன் ஐயா! எழும்பிப் போய்விடலாமா என்று கூட யோசித்தேன்.

அப்போது ஒரு பந்து கொஞ்சம் நீளமாக விழுந்தது. சாருகா முன்னுக்கு வந்தாள். துடுப்பு அவளோடு வந்தது. பந்து தரையோடு தரையாக எல்லைக் கயிற்றைத் தாண்டியது.

கைதட்டவும் மனமில்லை. தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. மடியில் வைத்து, சத்தம் வராமல் தட்டினேன்.

இருபத்தாறு ஓட்டம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மரத்தடியில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். தர்சிகாவின் துடுப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்த ஒரு அசைவில் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பா… கோவமோ?"

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

நிலத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் பத்து நாள் இருந்து தட்டினனீங்கள்."

உறைக்குள் கிடந்த துடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் மெல்லத் தொடர்ந்தாள்.

"தூக்கேக்கை நல்லாத்தான் இருக்கப்பா. பந்து வரேக்கை மட்டும் அது வரமாட்டன் எண்டுது."

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் துடுப்பை உறையிலிருந்து எடுத்தேன். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. இடது கையால் மட்டும் பிடித்து நேராக நீட்டினேன். மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு… ஒன்பதில் மணிக்கட்டு நடுங்கியது. பதினொன்றில் துடுப்பு கவிழ்ந்து புல்லில் குத்தியது. நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை நான். இதைப் பிடித்துக்கொண்டா அந்தப் பிள்ளை மூன்று போட்டி ஆடினாள்?

மிஸ்ஸிடமிருந்து நல்ல செய்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை திரும்பவும் முதலாவதாக இறங்கலாம். அதில் ஒரு சிக்கல். தர்சிகா ஆடுவது மூன்றாம் இடத்தில். ஒரு விக்கெட் விழுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நடுவில் நிற்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு துடுப்பு போதுமா? பாடசாலையின் பொதுத் துடுப்பும் இப்போது வேறொரு பிள்ளையின் கையில். சாருகாவுக்கென்று ஒன்று வேண்டும். அதுவும் உடனே.

திங்கட்கிழமை சாருகாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டபோது மனைவி வாசலில் மறித்தாள்.

"இஞ்சேருங்கோ, கடையிலை நீங்கள் வாயே திறக்கக் கூடாது. திறந்தியளெண்டால் அவள் திரும்பவும் ஓம் அப்பா எண்டிடுவாள்."

திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காக அவர் நீடூழி வாழட்டும். எட்டுத் துடுப்புகளை வரிசையாகச் சாய்த்து வைத்தார். சாருகா ஒவ்வொன்றாக எடுத்தாள். நிலத்தில் தட்டினாள், பின்னுக்குத் தூக்கினாள், அப்படியே நிறுத்தி வைத்துப் பார்த்தாள். பிறகு, நான் அலங்காரம் என்று நினைத்த அந்தக் காலுறைப் பந்து இருக்கிறதே… நேரே அதனிடம் போய்த் தட்டத் தொடங்கினாள். காது கொடுத்துக் கேட்டாள். சில துடுப்புகள் 'தட்' என்றன. ஒன்று மட்டும் 'டொங்' என்று நிறைவாகச் சொன்னது.

"இது அப்பா."

பார்த்தேன். ஆறாம் சைஸ். முகத்தில் ஐந்தே ஐந்து கோடுகள், அவையும் வளைந்து. ஒரு விளிம்பு முழுக்க மண்ணிறக் கறை. பின்பக்கம் ஒரு மறு. என் தச்சர் கண்டால் அடுப்புக்குப் போடச் சொல்லியிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் என் முகத்தை வாசித்திருக்க வேண்டும்.

"அண்ணை, கதவை நாங்கள் அசையாமல் நிக்கிறதுக்கு வேண்டுறம். இதை அசைக்கிறதுக்கெல்லே வேண்டுறம்."

பிறகு துடுப்பைத் திருப்பிக் காட்டினார். மரத்தில் பாரம் குறைந்த மரமாகத் தேடி எடுக்கிறார்கள். காயவைக்கிறார்கள். முகத்தை மட்டும் மெஷினில் அழுத்தி இறுக்குகிறார்கள். பிரம்பை ஒட்டி, இடையில் றப்பர் வைத்துக் கைபிடி செய்து, ஆப்பு மாதிரி மரத்துக்குள் இறக்குகிறார்கள். பின்பக்கம் நடுவில் தடிப்பை விட்டு இரண்டு பக்கமும் குடைந்து எடுக்கிறார்கள். ஒரே நிறையுள்ள இரண்டு துடுப்பில் ஒன்று கையில் பாரமாகவும் மற்றது லேசாகவும் தெரியுமாம். மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் விசயம். இவ்வளவு பாடுபட்டு ஒருவன் பாரத்தைக் குறைத்து அனுப்ப, நான் போய்ப் பாரமானதைத் தேடி எடுத்திருக்கிறேன்!

பிள்ளைகளுக்கு என்று நாம் வாங்குவதில் பாதி இப்படித்தான் போகிறது. மூன்று வருடம் கழித்து வரப்போகிற பிள்ளைக்கு வாங்குகிறோம். இன்றைக்கு முன்னால் நிற்கிற பிள்ளை பஞ்சு அடைத்துக்கொண்டு நடக்கிறது. கேட்டால் ஓம் என்கிறது. நாமும் அதை நம்பிக்கொள்கிறோம்.

இந்தக் கிழமை முழுக்க வீட்டில் திரும்பவும் டொக்… டொக். இந்த முறை ஆளுக்கு ஒரு மணித்தியாலம். நாள் குறைவு. ரீச்சர் வேலிக்கு மேலால் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நீங்கள் இதை வாசிக்கும்போது சாருகா ஆடி முடித்திருப்பாள். எத்தனை ஓட்டம் என்று எழுதிக் கேட்காதீர்கள்.

சரி, பழைய துடுப்பு? கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள் — நான் தட்டிய தட்டு அப்படி. காற்றுக்கு அடிபடுகிற முதிரைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றாள் மனைவி. பொருத்தம்தான், மறுக்க முடியவில்லை. சாருகாதான் ஓடி வந்து பறித்தாள்.

"விடுங்கோ அம்மா. அது அப்பா தட்டினது. நான் வளர்ந்தாப் பிறகு அதாலைதான் ஆடுவன்."

இப்போது அது அவளுடைய அறைக்குள் நிற்கிறது. மரத்தடியில் ஒன்பதில் எனக்கு மணிக்கட்டு நடுங்கிய கதையையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். நேற்றுப் பின்னேரம் அதை எடுத்து, ஒரு கையால் நேராக நீட்டிப் பிடித்தாள். "எண்ணுங்கோ அப்பா" என்றாள். எண்ணினேன். ஒன்பது வரை தாங்கினாள். "உங்களுக்கு நடுங்கின இடமெல்லே!" என்று துள்ளிக் குதித்தாள்.

நான் கொஞ்சம் வேகமாகத்தான் எண்ணினேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.