இரண்டு தலையணை

என் மகள் இரண்டு நாட்களாகச் செல்போனில் மெத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்லூரி விடுதிக் கட்டிலுக்கு. ‘மெமரி ஃபோம்’ என்று ஒன்று இருக்கிறதாம். படுத்தவரின் உடம்பை அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். நல்லது. நான் விடுதியில் படுத்த மெத்தைக்கு அந்தத் திறமை கிடையாது. அதை நான்தான் ஞாபகம் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

முதலில் வருவது இலவம்பஞ்சின் வாசனை. உடனே ஒரு தும்மல். திண்டிவனத்தில் அந்தக் கடைக்குள் நானும் அப்பாவும் மாறி மாறித் தும்மினோம். வல்லம் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. படுப்பது பாயில். மெத்தை என்றால் எங்கள் ஊரில் சீர்வரிசையோடு வருவது, அவ்வளவுதான். ஒற்றை ஆளுக்கு ஒரு மெத்தை உண்டென்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கேட்டது, “பொண்ணுக்கு ஒரு மெத்தை குடுங்க.” கடைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

சிவப்புத் துணியில் தங்க நிறப் பூக்கள் போட்ட மெத்தை ஒன்றை விரித்தார். இருவர் தாராளமாகப் புரளலாம். கூடவே இரண்டு தலையணை.

“என்னிக்குங்க?” என்றார்.

“வர்ற திங்கக்கிழமைங்க,” என்றார் அப்பா. விழுப்புரத்தில் விடுதி திறக்கிற நாள் அது.

“நல்ல நாளுதான்,” என்று கடைக்காரர் மெத்தையின் மூலையில் குங்குமம் வைத்தார். வியாபாரத்தில் என்ன பக்தி என்று நாங்கள் வியந்தோம். வருகிற வழியில் பேருந்து நடத்துநர் என்னைப் பார்த்துச் சிரித்து, உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேருந்துக் கூரையிலிருந்து அந்தச் சிவப்பு மெத்தை இறங்கியதை ஊரே பார்த்தது. அது எங்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி சரோஜா அத்தை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே சொல்லிவருகிறவர். அப்பாவோ தங்கை கேட்டு எதையும் இல்லை என்று சொல்லி அறியாதவர். கறவை மாட்டைக் கேட்டபோதுகூட ஓட்டிவிட்டவர்.

வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு வந்தார் அத்தை.

“எனக்குக்கூட சொல்லாம யாருக்குண்ணா பொண்ண முடிச்ச? என் புள்ள எதுல கொறஞ்சிட்டான்?”

“கல்யாணம்லாம் இல்லம்மா. காலேஜிக்குப் போவுது. ஆஸ்டல்ல படுக்க வாங்கினு வந்தேன்.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மெத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆஸ்டலுக்கு எதுக்குண்ணா ரெண்டு தலகாணி?”

அப்பா இரண்டு தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த மெத்தைக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன். தும்மல் வேறு வந்துகொண்டிருந்தது.

அத்தை விடவில்லை. “மெத்தைதான் வந்துடுச்சே. இந்த மாசமே முடிச்சுடலாம். படிக்கணும்னா எங்க ஊட்ல இருந்துக்கினே தபால்ல படிக்கட்டும்.” தட்டை அப்பாவின் கைக்கு அருகே நீட்டினார்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ந்தது கதை, மாடு போன வழியில் நானும் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணு தலைக்கு,” என்றார் அப்பா மெல்ல. “இன்னொண்ணு புஸ்தகத்துக்கு.”

அத்தை வாயைத் திறப்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். “தட்ட எடுத்துக்கினு போம்மா. புள்ள படிக்கட்டும்.” குரல் நடுங்கியது. நான் அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மி, அப்படியே அழுதும் விட்டேன். அப்பாவை அன்றைக்கு எனக்குப் பிடித்ததுபோல இன்னொரு நாள் பிடித்ததில்லை.

விடுதியில் எனக்குக் கிடைத்தது ஒல்லி இரும்புக் கட்டில். மெத்தை இரண்டு பக்கமும் காது மாதிரி தொங்கியது. அறைத்தோழிகள் முதல் நாளே ‘கல்யாணப்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் நாள் மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு, மூன்று பேரும் குறுக்கே படுத்தோம். பட்டம் வாங்கும்வரை அப்படித்தான். படித்து முடித்து எனக்குக் கல்யாணம் நடந்தபோது, சீரில் மெத்தை எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். “அது முன்னாடியே காலேஜிக்குப் போயிடுச்சுங்க,” என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

அத்தை இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பொங்கலன்று மட்டும் அப்பா தெருவை இரண்டு தரம் எட்டிப்பார்ப்பார்.

இப்போது எங்கள் தெருவில் மெத்தை வந்து இறங்கினால் யாருக்குக் கல்யாணம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெண் எந்தக் கல்லூரி என்றுதான் கேட்கிறார்கள். தட்டோடு அழுதுகொண்டு வர அத்தை இல்லை. குரல் நடுங்க வாசலில் நிற்க அப்பாவும் இல்லை.