‘ப’ வராத நாட்கள்

பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகி நைட்டியை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் சேகர், லோரிச் சாவியைப் போட்டுவிட்டு என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

பக்கவாதம் என்றே நினைத்தோம். கவுண்டரில் பெயர் கேட்டார்கள். என் பெயர் பாமா. உதடு சேர்ந்தால்தானே ‘ப’வும் ‘ம’வும் வரும்? வெறும் காற்றுதான் வந்தது.

மருத்துவர் இளம்பெண். புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியிலும் இடப்பக்கம் அசையவில்லை.

“ஸ்ட்ரோக் இல்ல ஆன்டி. அதுல பெரும்பாலும் நெத்தி அசையும். இது பெல்ஸ் பால்சி” (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது) என்றார். “ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தரேன். நிறைய பேருக்குச் சரியாயிடும்.”

“எப்போ டாக்டர்?” சேகர் கேட்டார்.

“அதைச் சொல்ல முடியாது அங்கிள். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நிக்கும்.”

நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வாய்தான் என் பிழைப்பு. மறுபடியும் வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியுமா என்று பயந்தேன். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது அதன்மேல் ஒட்டு, கண்ணாடி முன் பயிற்சி. பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் தினமும் முகத்தைப் பார்த்து அழுதேன்.

வீட்டில் கலப்பில்லாத தமிழ்தான் பேச வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ‘உப்பு’ வரவில்லை, “சால்ட்” என்றேன். ‘பால்’ வரவில்லை, மலாயில் “சூசு” என்றேன்.

“டீச்சரம்மா, என்ன லா இது? நான் பாசார்னு சொன்னா சந்தைன்னு திருத்துவீங்க!” என்று சேகர் சிரித்தார். எனக்கும் பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. அன்று கண்ணாடி பார்க்க மறந்துபோனேன்.

எப்போது குணமாகும் என்று கேட்பதை அதோடு விட்டுவிட்டேன் என்றால் அது பொய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் வராத நாளிலும் சமைத்தேன், துணி காயப்போட்டேன், தங்கையோடு பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய்ப் புடவை வாங்கினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முகம் கோணினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். காத்திருக்கப் பழகுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சில மாதங்களில் உதடு ஓரளவு சேர்ந்தது. கன்னத்தை விரலால் தாங்கிக்கொண்டு வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் முதல்நாள் உற்றுப் பார்த்தார்கள். மறுநாள் வழக்கம்போல் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மருத்துவர் சொன்ன மிச்சம் நின்றுவிட்டது. நரம்பு திரும்ப வளரும்போது தடம் மாறியிருக்கிறது (இதைச் சின்கைனீசிஸ் என்கிறார்கள்). சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. இது போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்த முகத்துக்கு எந்த அவசரமும் இல்லை. அதோடு சேர்ந்து எனக்கும் அவசரம் குறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள் சாப்பிடும்போது சேகரிடம் கேட்டேன்.

“ஏங்க, நான் சிரிச்சா பார்க்க அசிங்கமா இருக்கா?”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ என்னைப் பார்த்து ஒரு தடவைகூட கண்ணடிச்சதில்ல. இப்பத்தான் அடிக்கிற. அது பாட்டுக்கு இருக்கட்டும் லா.”

சிரித்துவிட்டேன். கண் மூடிக்கொண்டது.