அப்பா கொடுத்த மடி

அப்பாவின் வேட்டியில் எப்போதும் தேயிலைத் தூள் மணக்கும். மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் எங்கள் வீடு. அப்பாவிடம் ஒரு மாட்டு வண்டி இருந்தது. மாத்தளை ஸ்டேஷனில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எல்கடுவைப் பக்கத்து மலைத் தோட்டங்களுக்கு ஏறுவார். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளோடு இறங்குவார். சின்ன வயதில் சில நாள் என்னையும் கூட்டிப்போவார். பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வேன். மேலே பனி, ஒரு மரக்கிளை, மறுபடியும் பனி. மாட்டு மணி ஓசையில் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. அந்தப் பாதையில் பார்த்ததில் எது கனவு, எது நிஜம் என்று இப்போதும் பிரித்துச் சொல்ல வராது.

இது மட்டும் நிஜம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வண்டி நிற்கும். யாராவது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "அண்ணே, நம்ம புள்ளைக்கும் நீங்கதான் மடி கொடுக்கணும்" என்று கேட்பாள். அப்பா மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கைகால் கழுவி, அவர்கள் விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்காருவார்.

குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களுக்குத் தாய்மாமன் எங்கே இருப்பான்? அக்காளைக் கப்பலேற்றிவிட்டு அவன் திருச்சிப் பக்கம் எங்கேயோ ஏர் பிடித்துக்கொண்டிருப்பான். நான் பிறப்பதற்கு முன்பே, ஒரு தோட்டத்தில் ஒரு தாய் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அரிசி இறக்கப் போன அப்பா, "அதுக்கு ஏம்மா அழுவுற? நான் ஒக்காறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மலையில் ஒரு தோட்டம் பாக்கியில்லாமல் அவருக்குத் தங்கச்சிகள் முளைத்தார்கள்.

உட்கார்ந்து எழுந்ததோடு விடுகிற ஆளும் இல்லை. மடியில் உட்கார்ந்தது பெண்ணென்றால், அவள் வயதுக்கு வரும்போது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டப் போய் நிற்பார். காய்ச்சல் என்றால் வண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். போகும்போது தோளில் இருந்த கம்பளி வரும்போது இருக்காது.

"இவரு மடி என்ன, வழிப்போக்கர் தங்குற அம்பலமா?" என்று அம்மா முணுமுணுப்பார்.

"ஒக்காந்தா தேஞ்சா போயிடும்?" என்று அப்பா சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அந்த மடி எனக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று நினைத்திருந்தேன். காது குத்திவிட்டு வந்த நாளில் அவர் வேட்டியில் வேறு பிள்ளையின் சந்தனம் ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்டுத்தான் ஏறி உட்காருவேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்வார். தானாக வளர எனக்குக் கொஞ்சமும் ஆசையில்லை.

பிறகு என்னை மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தாவில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. மகள் பிறந்து மூன்றாவது வயதில், மாத்தளை அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று நாள் குறித்தோம். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்படியென்றால் பிள்ளையின் தாத்தா, என் அப்பாதான் மாமன் இடத்தில் உட்கார வேண்டும்.

"மடி கொடுக்க ஒங்க பக்கம் ஆளு இருக்குல்ல?" என்று மாமியார் மூன்று முறை கேட்டார்.

"எங்கப்பா இருக்காரு" என்று மூன்று முறையும் தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் மடியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது; என் பிள்ளைக்கு இல்லாமலா போகும்?

காது குத்துக்கு முந்தின நாள் அப்பா எல்கடுவைக்கு அரிசி ஏற்றிப் போயிருந்தார். விடியக் கிளம்பி நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் வந்து சேர்ந்தோம்; அவர் வரவில்லை. மகளுக்கு மொட்டை போட்டு, தலையெல்லாம் சந்தனம் பூசியாகிவிட்டது. அம்மா கோயில் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "நல்ல நேரம் போவுதும்மா" என்றார்.

சாமி கும்பிட வந்திருந்த தோட்டத்து இளைஞர்கள் இரண்டு பேர் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார்கள். "நாங்களும் மாமா மடியில காது குத்திக்கிட்டவங்கதான். நாங்க ஒக்காறோம்" என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. மாமியார் விடுவாரா? அந்த இடத்திலேயே முறை பார்த்தார்.

"அவரு ஒங்களுக்கு மாமான்னா, இவ ஒங்களுக்கு மாமன் மக. கட்டிக்கிற முறை. அப்ப புள்ளைக்கு நீங்க அப்பன் முறையில்ல? அப்பன் மடியில வச்சு யாருங்க காது குத்துவாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையன்கள் இரண்டு பேரும் முகம் சிவந்து விலகிப்போனார்கள். அப்பா மலையெல்லாம் சுற்றி எனக்கு ஒரு படை முறைமாப்பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரே ஒரு அண்ணனைச் சேர்க்கவில்லை.

"பாவம், பொறந்த வீட்டுல மடி கொடுக்க நாதியில்ல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மகளை இழுத்து மடியில் வைத்தேன்.

"குத்துங்க" என்றேன்.

ஆசாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். ஆசாரி குத்திவிட்டார். வலது காது. குழந்தை வீரிட்டுத் துள்ளி, என் பிடியிலிருந்து வழுக்கி, தூணைக் கட்டிக்கொண்டது. யார் கூப்பிட்டும் வரவில்லை. நல்ல நேரமும் முடிந்தது.

அப்போதுதான் அப்பா வந்தார். வெளியே வெயிலில் மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. அவர் வேட்டியில் சந்தனம் ஒட்டியிருந்தது, இன்னும் உதிராத சந்தனம். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் மடி கொடுத்தீங்க. ஒங்க பேத்திக்கு இல்லாமப் போச்சு. இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். பெற்ற அப்பாவிடம் பேசுகிற பேச்சில்லை அது. இன்றைக்கும் கூசுகிறது.

 அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். தூணைப் பிடித்திருந்த குழந்தை அவரையே பார்த்தது. பிறகு தானாக நடந்து வந்து அவர் மடியில் ஏறியது. இடது காது குத்தும்போது ஒரு விம்மல்தான். வலது காது நல்ல நேரத்தில் என் மடியில். இடது காது ராகு காலத்தில் தாத்தா மடியில். மாமியார் நெடுநாள் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டார்.

சாப்பாடு அலுவிகாரை வீட்டில். மற்றவர்களெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். நானும் மகளும் அப்பாவின் வண்டியில் போனோம். ஓட்டிக்கொண்டிருந்தவரின் மடியில் அவள் தூங்கிவிட்டாள். வெயிலும் நிழலும் அவள் மொட்டைத் தலையில் மாறி மாறி விழுந்தன. மணி ஆடிக்கொண்டே வந்தது. நான் பின்னால் வெறும் சாக்கின் மேல் இருந்தேன். கொஞ்ச நேரம் எனக்கும் மூன்று வயதுதான் என்று தோன்றியது. அப்பா திரும்பாமலே பேசினார்.

"மேல ஒரு புள்ளையோட அம்மா கெடையாக் கெடக்குது, தாயி. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. புள்ள காதுல கம்பியப் பாத்துட்டுக் கண்ண மூடணும்னு கேட்டுச்சு. அங்க ஆசாரி வரவே விடிஞ்சு வெகுநேரமாயிடுச்சு. அதுக்கு யாருமில்ல. எம் மகளுக்கு அவளே இருக்கா, சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன்."

பெருமையாகத்தான் சொன்னார். ஒரு மகனிடம் வைக்கிற நம்பிக்கையை என்மேல் வைத்திருந்தார்.  நான் சமாளிக்கிறவள்தான். சமாளித்தும் காட்டினேன். ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அப்பா வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்று கேட்டேன்.